கோயிலின் வயதை விலைக்கு வாங்காதீர்கள்

கேள்வி: கிழக்கிலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், பட்டிப்பளைப் பக்கம் எங்கள் கிராமம். ஆவணியில் அம்மன் கோயில் கும்பாபிஷேகம். மலரில் கோயில் வரலாறு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். காலஞ்சென்ற வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) வீட்டில் இருந்த ஓர் ஏடு, அதை யாரோ பெயர்த்தெழுதிய கொப்பி, தீர்த்தக் கிணற்றடியில் எழுத்துள்ள ஒரு கல், 1930களின் கோயில் கணக்குப் புத்தகம் ஆகியவை எங்களிடம் இருக்கின்றன. "ஏழு வண்ணக்கர் காலம், ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) முந்திய கோயில்" என்று முதியவர்கள் சொல்கிறார்கள். இதற்கிடையில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், எங்கள் கோயிலுக்கு மாகோன் கொடுத்த செப்பேடு தன்னிடம் இருக்கிறது, ஒரு தொகை தந்தால் ஆய்வுச் சான்றிதழோடு தருகிறேன் என்கிறார். குழுவில் பாதிப்பேர் வாங்கிவிடலாம் என்கிறார்கள். செப்பேட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன். எதை நம்பி எழுதுவது?

பதில்: செப்பேட்டை வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் "எல்லை" என்று வெட்டியிருக்கிறது. அந்த "லை" இன்றைய பாடப்புத்தகத்தில் இருக்கும் வடிவத்தில் இருக்கிறது. லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு முன்பு வேறு வடிவம் இருந்தது. எழுத்துக்கு முன்னால் மேலே வளைந்து நிற்கும் ஒரு கொக்கியோடு எழுதினார்கள். இன்றைய வடிவத்தைத் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டுப் புகுத்தியது 1978இல். நம் நாட்டு அச்சுக்கு அது அதற்கும் பிறகுதான் வந்தது. உங்கள் தந்தையார் பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகம் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், பழைய வடிவம் கண்ணில் படும். மாகோன் என்று நாம் சொல்லும் மாகன் என்ற அரசன் இலங்கைக்கு வந்தது 1215இல். அவன் காலத்துக் கொல்லனுக்கு 1978ஆம் ஆண்டின் எழுத்து எப்படிக் கிடைத்தது?

இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் ஒழுங்காகப் புள்ளி குத்தியிருக்கிறார்கள். பழைய சாசனங்களிலும் ஏடுகளிலும் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் இன்று நாம் பிரித்துக் காட்டும் முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. செப்பேடு அதையும் தவறாமல் கடைப்பிடிக்கிறது. ஐந்தாம் வரியில் கோயிலுக்கு விட்ட "மிளகாய்ச் சேனை" (காடு வெட்டிச் செய்யும் மிளகாய்ப் பயிர்நிலம்) வருகிறது. மிளகாய் இந்தப் பக்கத்துக்குப் போர்த்துக்கேயரோடு வந்த பயிர். 13ஆம் நூற்றாண்டில் இங்கே காரத்துக்கு இருந்தது மிளகு. பழைய எழுத்துகளை வாசிக்கப் படிக்காத நீங்கள் அந்தச் செப்பேட்டைத் தடங்கல் இல்லாமல் வாசித்து எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அது ஒன்றே போதும். உண்மையான 13ஆம் நூற்றாண்டு எழுத்தில் அப்படி வாசிக்க உங்களால் முடியாது.

பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதே என்று குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். செம்பில் களிம்பு ஏற்ற எண்ணூறு ஆண்டு தேவையில்லை. புளிப்பும் உப்பும் ஈரமண்ணும் போதும்.

இந்த வகை ஆட்கள் கும்பாபிஷேகச் செய்தி வெளியானதும் தேடி வருகிறார்கள். கோயில் குழுவிடம் பணம் சேர்ந்திருக்கும் காலம் அது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் செப்பேடு விற்பார். இன்னொருவர், "ஏட்டைத் தாருங்கள், வாசித்து எழுதித் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போவார். ஏடு திரும்பி வராது, வந்தாலும் கட்டில் பாதி இதழ் குறைந்திருக்கும். மூன்றாமவர் மூலஸ்தானத்துக்குப் பின்னால் தோண்டினால் இன்னும் கிடைக்கும் என்பார். அவர் தேடுவது புதையலை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் அதன் பார்வையில் தொல்பொருள். அனுமதி இல்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். ஆகவே அந்தச் செப்பேடு உண்மையாக இருந்தால் அதைக் கைமாற்றுவதில் நீங்கள் சட்டச் சிக்கலில் விழுகிறீர்கள். போலியாக இருந்தால் ஊர்ப் பணத்தை இழக்கிறீர்கள். முத்திரை குத்திய சான்றிதழுக்கும் மதிப்பு இல்லை. ஒரு சாசனம் உண்மையானது என்று ஆய்வாளர் சொல்வதானால் அதன் வாசகத்தை வெளியிட்டுக் காரணத்தையும் எழுதுவார். மற்றவர்கள் அதை மறுக்கவும் இடம் இருக்கும். விலைக்குக் கிடைக்கும் சான்றிதழில் காரணம் இருக்காது, கையொப்பம் மட்டும்தான் இருக்கும்.

இனி உங்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு வருகிறேன். கணக்குப் புத்தகத்தை நீங்கள் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய சான்று ஒன்றைப் பார்க்கும்போது வரலாற்று மாணவன் கேட்பது, இதை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வழி இருந்ததா, யாரை நம்பவைக்க எழுதினார் என்பதை. உங்கள் கணக்கப்பிள்ளை யாரையும் நம்பவைக்க எழுதவில்லை. எந்த வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) எத்தனை அவணம் நெல் வந்தது, எண்ணெய்க்கும் கற்பூரத்துக்கும் எவ்வளவு போனது, கூரைக்குக் கிடுகு வாங்கிய செலவு நின்று ஓடு வாங்கிய செலவு எந்த ஆண்டில் வருகிறது, யார் எந்தத் திருவிழாவுக்குக் கொடுத்தார் என்று அன்றன்று எழுதி வைத்தார். பொய் சொல்ல அவருக்கு இருந்த ஒரே காரணம் பணம்; அது தொகையில் தெரியுமே தவிர வட்டையின் பெயரிலோ ஓட்டுக் கூரையிலோ தெரியாது. அந்த ஒரு புத்தகத்திலிருந்து 1930களில் உங்கள் கோயில் எப்படி நடந்தது என்று இரண்டு பக்கம் நிச்சயமாக எழுதலாம். மலர்களில் நான் தேடிக் கிடைக்காமல் போவது இப்படிப்பட்ட இரண்டு பக்கங்களைத்தான். எல்லா மலரும் இராவணனில் தொடங்கி நேராகத் தற்போதைய தலைவரின் படத்துக்கு வந்துவிடுகிறது. நடுவில் வாழ்ந்த மனிதர் எவரும் இல்லை.

ஏட்டுக்கு மூன்று வயது உண்டு: ஓலையின் வயது, அதில் பெயர்த்தெழுதியவரின் காலம், உள்ளே சொல்லப்படும் செய்தியின் காலம். மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. நம் கடலோர ஈரத்தில் ஓலை சில நூற்றாண்டுக்கு மேல் தாங்குவது அரிது. அதனால்தான் பெயர்த்துப் பெயர்த்து எழுதினார்கள். கடைசி இதழைப் பாருங்கள். எழுதி முடித்த நாளும் எழுதியவர் பெயரும் இருக்கக்கூடும். "பிலவ வருடம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். பிலவ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 2021, 1961, 1901, 1841 என்று பின்னோக்கிப் போகும். எது என்று வேறு சான்றுதான் சொல்ல வேண்டும். கலியாண்டு கொடுத்திருந்தால் 3101ஐக் கழியுங்கள், சக ஆண்டானால் 78ஐக் கூட்டுங்கள். ஆனால் கழித்து வருகிற எண் துல்லியமாக இருப்பதால் செய்தியும் உண்மை என்று ஆகாது. பின்னால் வந்தவர் ஒருவர் கணக்குப் போட்டுச் சேர்த்த ஆண்டாகவும் அது இருக்கலாம்.

கொப்பியை ஏட்டோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். இருவர் உட்காருங்கள், ஒருவர் ஏட்டை வாசிக்க மற்றவர் கொப்பியில் கோடிட்டு வர வேண்டும். கொப்பியில் இருந்து ஏட்டில் இல்லாத வரிகள் பெயர்த்தவர் சேர்த்தவை. அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தக் கொப்பி எழுதப்பட்ட நாளில் ஊர் என்ன நம்பியது என்பதற்கு அவை நல்ல சாட்சி.

இந்த இடத்தில் "மட்டக்களப்பு மான்மியம்" என்ற நம் பகுதியின் பழைய வரலாற்று நூல் பற்றி ஒரு வார்த்தை. எல்லா மலர்க்குழுவும் அதைத்தான் முதலில் புரட்டுகிறது. எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் ஏட்டுப் பிரதிகளைக் கொண்டு அதைப் பதிப்பித்தது 1962இல். நமக்குக் கிடைத்த பெரிய சொத்து அது. ஆனால் கலியாண்டுக் கணக்கில் பழைய அரசரைச் சொல்லத் தொடங்கி ஐரோப்பியர் வந்த கதைவரை பேசுகிற நூல், ஒரே காலத்தில் ஒரே கையால் எழுதப்பட்டிருக்க முடியாது. அதில் மாகோன் நாட்டை ஒழுங்குபடுத்திக் குடிகளுக்கு (தாய்வழிக் குலங்களுக்கு) உரிமை வகுத்த பெருமன்னன். பிக்குமார் எழுதிய சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூலிலோ அவன் விகாரைகளை அழித்த கொடியவன். இரண்டில் எது பொய் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். கோயில் உரிமையும் குடி முறையும் எங்கிருந்து வந்தன என்று நிலைநாட்ட வேண்டியவர்கள் ஒன்றை எழுதினார்கள். விகாரைகளை இழந்தவர்கள் மற்றதை எழுதினார்கள். மாகன் என்றொருவன் 13ஆம் நூற்றாண்டில் படையோடு வந்து பொலன்னறுவையில் ஆண்டான் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஒருவரை ஒருவர் பகைக்கும் இரண்டு சாட்சிகள் ஒத்துக்கொள்கிற இடத்தில் கால் ஊன்றுங்கள். உங்கள் கோயிலை அவன் கட்டினான் என்பதற்கு அந்த இரண்டிலும் இடமில்லை.

முதியவர்கள் சொல்லும் "ஏழு வண்ணக்கர்" கணக்குக்கு வருகிறேன். இதில் மலர் எழுதும் எல்லோரும் தவறுகிறார்கள். ஏழை முப்பதால் பெருக்கி இருநூற்றுப் பத்து ஆண்டு என்கிறார்கள். தந்தைக்குப் பின் மகன் என்று போகிற ஊரில்கூட அது உத்தேசக் கணக்குத்தான். நம் கோயில்களில் வண்ணக்கர் பதவி தாய்வழிக் குடியில் போகிறது. மாமனுக்குப் பின் மருமகன் வருவார், அண்ணனுக்குப் பின் தம்பி வருவார், அறுபது வயதில் பதவிக்கு வந்து ஐந்து ஆண்டில் கண்ணை மூடியவர்களும் உண்டு. ஏழு வண்ணக்கர் என்பது நூறு ஆண்டுக்குள்ளேயே அடங்கிவிடலாம். அவர்களில் யார் கணக்குப் புத்தகத்தில் கையொப்பம் இட்டிருக்கிறார் என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். "ஒல்லாந்தர் காலம்" என்பதையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1795இல். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நீளும் ஒரு காலத்தில் எந்த முனை என்று யாரும் சொல்வதில்லை. கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல்நந்தி எழுந்து புல் தின்ற கதையில் எதிரே நின்ற பரங்கி எந்த நாட்டான் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. பக்திக்கு அது குறையல்ல. ஆனால் அதை வைத்து ஆண்டு குறிக்க முடியாது.

வாய்மொழி என்றால் நம்பவே கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இதை மதிப்பதே இல்லை. திருவிழா முடிவில் குடிகளின் பெயரை வரிசைப்படி கூப்பிட்டு மரியாதை கொடுக்கிறார்களே, அந்த வரிசை வெறும் வாய்மொழி அல்ல. ஆண்டுதோறும், எல்லாக் குடிகளும் நிற்கிற சபையில், உரத்த குரலில் சொல்லப்படுவது அது. யார் முதலில், யார் இரண்டாவது என்பதில் மானமும் உரிமையும் தங்கியிருக்கின்றன. ஒரு பெயரை யாராவது மாற்றிச் சொன்னால் அந்த இடத்திலேயே தடுப்பதற்கு எதிர்க்குடி காத்திருக்கும். திண்ணையில் பாட்டன் பேரனுக்குச் சொல்லும் கதையைத் தடுக்க எவரும் இல்லை. இதைத் தடுக்க ஊரே இருக்கிறது. ஆகவே அந்த வரிசை பல தலைமுறை மாறாமல் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாறியிருந்தால் அந்த மாற்றத்தைப் பற்றிய சண்டையும் நினைவில் இருக்கும், சில வேளை வழக்காகப் பதிவிலும் இருக்கும்.

அதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். வரிசை உங்களுக்குச் சொல்வது எந்தக் குடிகள் கோயிலோடு சேர்ந்திருந்தன, எந்த முறையில் என்பதை. கோயில் எப்போது எழுந்தது என்பதைச் சொல்லாது. ஒரு குடிக்கு மட்டும் மரியாதை இருந்தும் அந்தக் குடியினர் ஊரில் இன்று எவரும் இல்லை என்றால், அதைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாதவர்களுக்காக யாரும் உரிமையைப் புனைந்து சொல்வதில்லை. அவர்கள் ஒருகாலத்தில் இருந்திருக்கிறார்கள். வெவ்வேறு குடியைச் சேர்ந்த இரு முதியவர்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், ஒரே திண்ணையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். மூத்தவர் சொன்னதை மற்றவர் மரியாதைக்காக ஆமோதித்துவிடுவார். ஆண்டு நினைவில்லை என்றால் 1957 வெள்ளத்துக்கு முன்பா, 1978 சூறாவளிக்குப் பிறகா என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்கள்.

கிணற்றடிக் கல்லைப் பற்றித்தான் எனக்குப் பயம். எழுத்து படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக வெள்ளைப் பெயின்ற் பூசலாம் என்று குழு முடிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். தூரிகை பிடிப்பவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் பூசுவார். தேய்ந்த ஒரு கோட்டை அவர் கொம்பு என்று நினைத்தால் அன்றோடு அது கொம்பாகிவிடும். கம்பித் தூரிகையும் அமிலமும் அதைவிட மோசம். கல்லைத் தண்ணீரும் மென்மையான தும்புத் தூரிகையும் கொண்டு கழுவுங்கள். மாலையில் வெயில் சாய்ந்து கல்லின் பக்கவாட்டில் விழும்போது கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். நண்பகலில் மறைந்திருக்கும் எழுத்து அப்போது நிழலோடு எழுந்து நிற்கும். இரவானால் மின்சூள் (ரோர்ச்) விளக்கைக் கல்லோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பிடியுங்கள். இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கு அனுப்பி, ஈரத்தாளை வைத்து மை ஒற்றிப் படி எடுக்க ஆளைக் கேளுங்கள்.

கல் உண்மையானதாக இருந்தாலும் வாசிப்பது எளிதல்ல. அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் உள்ள தமிழ்ச் சாசனம் ஒன்று விஜயபாகு தேவரின் பத்தாவது ஆண்டில் சிவஞான சங்கரர் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்கிறது. எந்த விஜயபாகு? அந்தப் பெயரில் அரசர்கள் பலர். பழமை வேண்டியவர் 11ஆம் நூற்றாண்டு விஜயபாகுவைப் பிடித்துக்கொள்வார். எழுத்தின் வடிவத்தையும் மொழியையும் பார்த்த ஆய்வாளர்கள் அதைக் கொழும்புக்கு அருகே இருந்த கோட்டை இராச்சியத்து அரசர் காலத்துக்கு, 16ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நானூறு ஆண்டுக்கு மேல் வித்தியாசம். 16ஆம் நூற்றாண்டிலும் மேற்கே இருந்த ஓர் அரசன் கீழ்க்கரைச் சிவன் கோயிலுக்குக் கொடை கொடுத்தான் என்பது சிறிய செய்தியா?

கும்பாபிஷேக வேலையில் பழைய கற்களைப் பெயர்த்து அத்திவாரத்தில் போடுவதையும், சுவரை உரித்து டைல்ஸ் ஒட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். போரிலும் சூறாவளியிலும் நாம் இழந்தவை போக மிஞ்சியதை நம் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் பொறுமை இல்லை. வேலை தொடங்குவதற்கு முன் மேஸ்திரியாரோடு ஒருமுறை சுற்றி வந்து, தொடக்கூடாத கற்களுக்குச் சோக்கால் அடையாளம் இடுங்கள்.

பதிவுகளைத் தேட நேரம் இருந்தால் கோயில் காணியின் உறுதியிலிருந்து (பத்திரத்திலிருந்து) தொடங்குங்கள். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளின் பதிவு இருக்கும்; எல்லை சொல்லும்போது "வடக்கே அம்மன் கோயில்" என்று அயல்காணி உறுதியிலும் வந்திருக்கும். அயல்காணிக்காரர் உங்கள் கோயிலைப் பெருமைப்படுத்த எழுதியதல்ல என்பதால் அது நல்ல சாட்சி. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தில் கோயில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1961 வரை அம்பாறை தனி மாவட்டம் அல்ல. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து வாசகர்கள் பழைய தாளை மட்டக்களப்புக் கோப்புகளில் தேட வேண்டும். இது தெரியாமல் இரண்டு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) அலைக்கழிக்கப்படுகிறவர்கள் எத்தனை பேர்!

ஒல்லாந்தர் ஆவணங்களைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மட்டக்களப்பில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த யாக்கோப் பேர்னாண்ட் தனக்குப் பின் வந்தவருக்காக 1794இல் எழுதிய குறிப்பில் இந்த நாட்டின் பற்றுகள் (நிர்வாகப் பிரிவுகள்), வயல், வரி பற்றியெல்லாம் இருக்கிறது. அதைப் போன்ற கட்டுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் நெதர்லாந்திலும் கிடக்கின்றன. படுவான்கரை விவசாயியின் பாட்டனைப் பற்றிய செய்தியைப் படிக்க அவன் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும். போனாலும் அட்டவணை அவன் மொழியில் இல்லை, ஆவணம் பழைய டச்சுக் கையெழுத்தில் இருக்கிறது. அதை வாசிக்க இங்கே ஒரு தலைமுறையைப் பழக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களோ மாகாண சபையோ நினைத்திருந்தால் செப்பேட்டு வியாபாரிகளுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது. உங்கள் மலருக்கு இந்த முறை அது எட்டாது. விட்டுவிடுங்கள். நூலகம் இணையத் தளத்தில் அயல் ஊர்களின் பழைய மலர்கள் கிடைக்கும். அவற்றில் உங்கள் கோயில் பெயர் வருகிறதா என்று மட்டும் தேடுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார் சொன்னது என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "கணக்குப் புத்தகத்தின்படி", "ஏட்டின் பன்னிரண்டாம் இதழில்", "ஊர் முதியவர்கள் சொல்வது" என்று தொடங்கினால் போதும். "ஈராயிரம் ஆண்டுப் பழமை" என்ற சொற்றொடரை எடுத்துவிடுங்கள். நாளை காணித் தகராறு வந்து மன்றில் மலரைக் காட்ட நேர்ந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். ஒரு பொய்ச் செப்பேடு உள்ளே இருந்தால் உண்மையான கணக்குப் புத்தகத்தையும் நீதவான் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆண்டு தெரியாத இடத்தில் "காலம் தெரியவில்லை" என்று அச்சிடுவதில் அம்மனுக்கு எந்தக் குறையும் இல்லை. குழுவில் யாராவது எதிர்த்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கணக்குப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் படம் எடுங்கள். கழன்ற தாளை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள், லாமினேற் செய்யாதீர்கள். ஏட்டுக் கட்டைப் பருத்தித் துணியில் சுற்றிப் பழைய வண்ணக்கர் வீட்டிலேயே வைத்திருங்கள்; அச்சகத்துக்குக்கூட மூலத்தைக் கொடுக்க வேண்டாம், படத்தைக் கொடுங்கள். மலரில் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை எழுத்து வாசிக்கக்கூடிய அளவில் முழுப்பக்கமாகப் போடச் சொல்லுங்கள். கல்லின் படங்களை எனக்கும் அனுப்பிவையுங்கள்.